மதினியின் தலையில் நான் வைத்தது

என் மதினி சண்முகத்தாயின் மூளையைக் கெடுத்தது நான்தான்.

மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்ற வாக்கியம், எழுதிப் பார்த்தால் ஒரு வரிகூட நிறையவில்லை!

இதை இதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். மதினியிடமே சொன்னேன். அது என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை நீங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டே படித்தாலும் சரி.

சண்முகத்தாய் என் அத்தை மகள். மூத்த அத்தை மகளை எங்கள் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரின் பெயர் எப்போதும்வென்றான். கரிசல் காடு, மழையை நம்பிய பருத்தி. அத்தையைக் கட்டிக்கொடுத்தது கோவில்பட்டியில். மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அத்தையும் மகளும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிப் பிழைத்தார்கள். மேலே படித்தே தீருவேன் என்று நான் அடம்பிடித்தபோது, அப்பா என்னை அந்த வீட்டில்தான் கொண்டுபோய் விட்டார். மதினி என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஒரே பாயில் தலையோடு தலை முட்டப் படுத்துத் தூங்கினோம்.

அவளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? குச்சி அடுக்கும் மரச்சட்டம் மடியில் இருக்கும். கண் என்மேல் இருக்கும். வாய் கதை சொல்லிக்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் யாரையும் கேட்காமல் பள்ளம் பள்ளமாகக் குச்சியை வைத்துக்கொண்டே போகும். "ஏட்டி கோமதி, நீ படிக்கியா, இல்ல என் வாயப் பாத்துக்கிட்டு இருக்கியா?" என்பாள். வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆபீஸ் கணக்குப்பிள்ளை மூக்குப்பொடி போடுவது, பால்காரர் அளக்கும்போது கையை நடுக்குவது, என் அப்பா இருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பது... எல்லாரையும் நடித்துக் காட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவேன்.

இப்போது நான் கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். நரம்பு மண்டலப் பாடம் ஒவ்வொரு வருடமும் வரும். கரும்பலகையில் ஒரு நரம்புச் செல்லை வரைந்து, அதன் நீண்ட வாலை வரைந்து, அது அடுத்த செல்லைத் தொடாமல் ஓர் இடைவெளி விட்டு நிற்பதைக் காட்டுவேன். ஒரு காரியத்தைச் சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தால் இந்தச் செல்களுக்குள் தடம் விழுந்துவிடும், பிறகு நினைக்காமலே கை செய்யும் என்று சொல்வேன். அப்போது எனக்குத் தெரிவது அவள் விரல்கள்தான். பாவாடை கட்டிய வயதிலேயே ஆபீஸுக்குப் போன விரல்கள்... அந்த வேகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்குமானால்!

என் அண்ணன் வேலுச்சாமிக்கு மதினிதான் என்று எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். முறைப்பெண். அண்ணனுக்கும் ஆசை. ஆனால் அவனைவிட எனக்குத்தான் அதிக ஆசை என்று சொன்னால் நம்புவீர்களா? படிப்பு முடிந்து நான் ஊருக்குத் திரும்பும்போது அவளும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். முறைக்குக் கூப்பிட்ட மதினி வீட்டு மதினியாகிவிடுவாள். வேறென்ன வேண்டும்!

பூ வைக்க நாள் குறித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கைதான் பெண்ணுக்கு முதல் பூ வைக்க வேண்டும். அதாவது நான். எனக்குப் பின்னால் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக வருவார்கள். பூ வைக்கிற சாக்கில் பின்னலைத் தூக்கிப் பார்ப்பார்கள், சவுரி வைத்திருக்கிறாளா என்று இழுத்தும் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து மதினியின் தலையில் பேன்.

சிரிக்காதீர்கள். தீப்பெட்டி ஆபீஸில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பேன் வராமல் என்ன வரும்? என் தலையிலும் இருந்தது. ஆனால் என் தலையை யாரும் தூக்கிப் பார்க்கப் போவதில்லையே.

"ஒங்க சித்திமாரு கண்ணுல பட்டா மானம் போயிரும்ட்டி. ஏதாவது செய்யி" என்று மதினி சொன்னாள். வேப்பெண்ணெய் தேய்த்தோம். சீத்தாப்பழ விதையை அரைத்துப் போட்டோம். ஈர் உதிரவில்லை. சொறிந்து சொறிந்து அவள் மண்டையெல்லாம் புண்.

பருத்திக் காட்டில் ஒரு பேச்சு உண்டு. காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்தில் இரண்டு சொட்டு எண்ணெயில் கலந்து தேய்த்தால் ஒரு பேன் மிஞ்சாது என்று பருத்தி எடுக்கிற பெண்கள் சொல்வார்கள். சிலர் செய்தும் இருக்கிறார்கள். அந்த வாரம் ஊருக்குப் போன நான், அண்ணன் மாட்டுத்தொழுவத்தில் வைத்திருந்த எண்டிரின் மருந்துத் தகரத்திலிருந்து காலி டானிக் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி எடுத்துவந்தேன். தகரத்தில் மண்டையோடு படம் போட்டிருந்தது. பார்த்தேன். புழுவுக்குச் சொன்னது பேனுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்!

பூ வைக்கிற அன்று காலையில் தேங்காயெண்ணெயில் கலந்தேன். முதலில் மணப்பெண்ணுக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு என்று திட்டம். ஆனால் ஒரு பேன்கூட மிஞ்சக் கூடாதே... என் மதினியை ஒருத்தி ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே... பாட்டில் முழுவதையும் அவள் தலையிலேயே கவிழ்த்துவிட்டேன். எனக்கு மிச்சம் இல்லை. ஆசை அதிகமானதால் மருந்தும் அதிகமாயிற்று. அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டினேன்.

"எரியுதுட்டி."

"பேன் சாகுது மதினி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அத்தை சமையல் வேலையாகப் பின்கட்டில் இருந்தாள். மத்தியானம் சீயக்காய் போட்டு நானே குளிப்பாட்டினேன். பேன் கொத்துக் கொத்தாகச் செத்து வந்தது. இருவரும் கைதட்டிச் சிரித்தோம். அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று சொன்னால் கதைபோல் இருக்கும். பிறகும் சிரித்திருக்கிறாள். ஆனால் அந்தச் சிரிப்பு அன்றோடு சரி.

புடவை கட்டும்போது தலை வலிக்கிறது என்றாள். குமட்டுகிறது என்றாள். விரல் நுனி தானாகத் துள்ளுவதைக் காட்டி, "இது என்னட்டி, குச்சி இல்லாமலே அடுக்குது?" என்று கேட்டாள். "கல்யாணக் கிறுக்கு மதினி" என்று கேலி செய்தேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டார் வந்து நிறைந்தார்கள். அவளைக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்தார்கள். நான் மல்லிகைப் பூவை எடுத்து அவள் பின்னலில் செருகினேன். கையைத் தலையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை... அவள் கழுத்து விறைத்தது. பல் கிட்டித்தது. ஊதுபத்தித் தட்டைத் தட்டிவிட்டுச் சாய்ந்து, அத்தனை பேர் நடுவில் வெட்டி வெட்டி இழுத்தாள்.

"காக்கா வலிப்பு! சாவியக் குடுங்க, சாவியக் கையில குடுங்க!"

யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். எதிர்த்த கடை பாய் ஓடிப்போய் ஒரு பிளஷர் காரைப் பிடித்துவந்தார். காரிலும் இழுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இழுத்தது. ஊசி போட்ட பிறகுதான் நின்றது.

இனிமேல்தான் என் குற்றம். இதுவரை சொன்னது அறியாமை. அதை யாராவது மன்னிக்கலாம்.

டாக்டர் அவள் வாயை முகர்ந்து பார்த்தார். தலையை முகரவில்லை. "மருந்து எதுவும் குடிச்சிருக்காளா?" என்று கேட்டார். அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்: "ஆசைப்பட்ட மாப்பிள்ளதான்யா, எம் மக எதுக்கு மருந்து குடிக்கப் போறா?" டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கூடவே இருந்தது நீதானாம்மா? ஏதாவது குடிச்சாளா?"

"குடிக்கல டாக்டர்" என்றேன்.

உண்மை! அவள் குடிக்கவில்லையே! அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எப்படி நழுவினேன் பாருங்கள். பொய் சொல்லியிருந்தால்கூட என்மேல் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. அந்தத் துள்ளிய விரல் என் கண்முன்னால் நின்றது. மருந்தை ஊற்றும்போது எனக்கே தலை சுற்றியது நினைவில் இருந்தது. தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? கொலைகாரி என்பார்களோ, அப்பா தோலை உரித்துவிடுவாரோ, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது... இவ்வளவுதான் என் மனசில் ஓடியது. கட்டிலில் கிடந்தவளைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

காரணம் எதுவும் கிடைக்காததால் டாக்டர் அதை வலிப்பு நோய் என்று முடிவு செய்தார். தினமும் போடச் சொல்லி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்பா ஒரே பேச்சில் சம்பந்தத்தை அறுத்துவிட்டார். "அது வித்துலயே இருக்கும்லே வேலு. நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கும் வரும். தங்கச்சி மகளாச்சேன்னு பாத்தா நம்ம குடி என்னாவுறது?" அண்ணன் முரண்டு பிடித்தான், சாப்பிடாமல் கிடந்தான், கடைசியில் குளத்தூரில் பெண் எடுத்தான். வந்தவள் தங்கமானவள். அவளையும் நான் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். வாயில் வரவில்லை. பட்டணத்துக்காரியைப்போல 'அண்ணி' என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். படித்த பிள்ளையின் பவுசு என்று சிரித்தார்கள்.

மதினி மாத்திரை போட்டாள். மறுபடி இழுக்கவில்லை. மாத்திரை கேட்கிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நோயே இல்லாத உடம்பில் நோய் வராததற்கு மாத்திரைக்கு நல்ல பெயர்!

ஆனால் அவள் மந்தமானாள். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு இழுத்துக்கொண்டது. சட்டத்தில் குச்சி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆபீஸில் அவளைக் குச்சி அடுக்குவதிலிருந்து எடுத்து லேபிள் ஒட்ட வைத்தார்கள். "கணக்குப்பிள்ளை மாதிரி செஞ்சு காட்டு மதினி" என்று ஒருநாள் கெஞ்சினேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அவிய எப்படிட்டி செய்வாவ?" என்று கேட்டாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி. பூச்சிமருந்து தோல் வழியாகவே உள்ளே போகும், புண் இருந்தால் இன்னும் வேகமாகப் போகும், வலிப்புகூட வரும் என்று ஓர் அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகமாக இருந்தது அன்று உறுதியாயிற்று. அவளுக்கு வலிப்பு நோய் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வழி கிடைத்துவிட்டதே! யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டால் போதும், என் பழைய மதினி திரும்பிவிடுவாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டி வந்தேன்.

"மாத்திரைய நிப்பாட்டிரு மதினி. ஒனக்கு ஒண்ணும் கிடையாது. நான் படிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியும். அத்தைகிட்ட என் பேரச் சொல்லிராத."

அவள் என்னை நம்பினாள். நான் படித்தவள் அல்லவா! அன்றைக்கே நிறுத்திவிட்டாள், ஒரேயடியாக.

அரைகுறைப் படிப்பு எத்தனை கேடு என்று பின்னால் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நரம்பு டாக்டர் எனக்குப் புரியவைத்தார். மூளைக்குள் 'ஓடு' என்று சொல்லும் செய்தி உண்டு, 'நில்' என்று சொல்லும் செய்தியும் உண்டு. இரண்டும் சரியாக இருந்தால்தான் கை கையாக இருக்கும், பேச்சு பேச்சாக இருக்கும். எண்டிரின் அந்த 'நில்'லை அடைத்துவிடும் (இதை அவரிடம் கேட்கவில்லை, பிறகு நானாகப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன்). அதனால்தான் வலிப்பு. வெள்ளை மாத்திரை வேறு வேலை செய்யும், 'நில்' 'நில்' என்று ஓயாமல் சொல்லும். வருடக்கணக்கில் அதைக் கேட்டுக்கேட்டு மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால், இல்லாத நோயையும் கொண்டுவந்துவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும்.

நிறுத்திய சில நாளில் மதினி அடுப்படியில் விழுந்தாள். ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது. கோவில்பட்டியில் முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். வழி நெடுக வலிப்பு நிற்கவில்லை.

"யார் மாத்திரையை நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கத்தினார்.

அத்தை அழுதுகொண்டே சொன்னாள்: "யாரும் சொல்லலய்யா. அவளாத்தான் நிப்பாட்டியிருக்கா. நேத்து, மாத்திர மிஞ்சிக் கெடக்கேன்னு கேட்டதுக்கு, எனக்கா தோணிச்சும்மான்னு சொன்னா."

என் பெயரைச் சொல்லாதே என்று கேட்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. சேதி கேட்டு ஓடிவந்து கட்டிலின் மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டாக்டரின் கேள்விக்கு முன்னால் இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்!

பிழைத்தாள். இப்போது மெய்யாகவே வலிப்பு நோயாளி ஆனாள். விடாமல் இழுத்ததில், புதிதாக நடப்பதைப் பதிய வைத்துக்கொள்ளும் இடம் மூளையில் பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பழையது பெரும்பாலும் இருக்கிறது. நான் யார் என்று தெரியும். பள்ளிக்கூடப் பையை எங்கே மாட்டுவேன் என்றுகூடச் சொல்வாள். காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டால் தெரியாது. மாத்திரையை நிறுத்தச் சொன்னவள் நான் என்பதும் அவளிடம் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, வேண்டுமென்றே அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் குடிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மதினிக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிடுவேன். பேன் பார்ப்பேன். எந்தக் கை, எந்தத் தலை... உங்களுக்குக் குமட்டுகிறதா? அத்தை என்னைப்போல ஒருத்தி உண்டா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சீவும்போதெல்லாம் மதினி ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏட்டி, எனக்கு எப்படிட்டி இந்த நோக்காடு வந்துச்சு? எங்க ஐயா வழியிலயும் இல்ல, அம்மை வழியிலயும் இல்லியே."

நான் சிக்கெடுத்துக்கொண்டே இருப்பேன். சென்ற வருடம் ஒரு ஞாயிறு, அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அன்று என்னால் முடியவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டேன். பாட்டில், எண்ணெய், துணி, ஆஸ்பத்திரி, மாத்திரை... ஒன்று விடவில்லை.

அவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லியாட்டி?"

"இல்ல மதினி."

"அவிய என்னையக் கட்டியிருப்பாவளா?"

"அண்ணன் கட்டியிருப்பான் மதினி."

எழுந்துவிட்டாள். "எந்திரிட்டி! நீ ஒரு பொம்பளையா? நம்பித்தான தலையக் குடுத்தேன்! போ, இனிமே என் மூஞ்சியில முழிக்காத. போட்டி!"

ஐயோ, அந்தக் குரல்! இழுப்பு இல்லை, தடங்கல் இல்லை. குச்சி அடுக்கிக்கொண்டே கதை சொன்ன பழைய மதினியின் குரல்! எத்தனை வருடமாக அதற்கு ஏங்கியிருந்தேன். திட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குள் ஒரு மூலை மகிழ்ந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் திட்டமாட்டாளா என்று நின்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்றிருந்தேன். வெளியே தள்ளட்டும், ஊரைக் கூட்டட்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். மதினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாட்டி கோமதி! ஏன் ரெம்ப நாளா ஆளையே காணோம்?"

எண்ணெய் தேய்த்தேன். சிக்கெடுத்தேன். பாதிச் சீவலில் கேட்டாள்.

"ஏட்டி, எனக்கு எப்படிட்டி இந்த நோக்காடு வந்துச்சு?"

"தெரியலையே மதினி" என்றேன்.

வாரா வாரம் சொல்லலாம்தான். சொன்னால் வாரா வாரம் அவள் என் அண்ணனைப் புதிதாக இழக்க வேண்டும். அதற்கு இரங்கித்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கே பாதி நாள் நம்பிக்கை வருவதில்லை. என்னைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஒருத்தி திட்டிவிட்டு மறந்துபோனாள். நீங்கள் மறக்கமாட்டீர்கள் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. எண்ணெயும் சீப்பும் எடுத்து வைத்துவிட்டேன். அவள் கேட்பாள்.